வாரத் தேர்வை எதில் வைப்பது: பேப்பரிலா, போனிலா, கம்ப்யூட்டர் லேப்பிலா?

பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே ஹெச்.எம். சார் ஸ்டாஃப் மீட்டிங்கில் கேட்டுவிட்டார். "பிளஸ் டூ வாரத் தேர்வை இந்த வருடமும் பேப்பரிலேயே வைக்கப் போகிறீர்களா, ஆன்லைனுக்கு மாற்றிவிடலாமா? ஒவ்வொரு பாடத்துக்கும் முடிவு வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்."

வேதியியல் டீச்சர் உடனே போன் என்றார். கணக்கு சார் பேப்பரைத் தவிர வேறு பேச்சே இல்லை என்றார். நான் இயற்பியல். மேலூர்ப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினெட்டு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வருடம் ஒவ்வொன்றாக மூன்று வழியிலும் தேர்வு வைத்துப் பார்த்திருக்கிறேன். அதனால் அன்றைக்கு வாய் திறக்காமல், வீட்டுக்கு வந்து பழைய மார்க் நோட்டுகளை எடுத்துவைத்து யோசித்தேன். இதே கேள்வி வேறு பள்ளிகளிலும் ஓடிக்கொண்டிருக்கும். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், பிள்ளை கடைசியில் எழுதப்போவது என்ன தேர்வு என்று பார்க்க வேண்டும். பிளஸ் டூ இயற்பியல் எழுத்துத் தேர்வு 70 மார்க். அதில் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற ஒரு மதிப்பெண் வினா 15. மிச்சம் 55 மார்க்கும் கையால் எழுதுவது: இரண்டு மார்க் ஆறு, மூன்று மார்க் ஆறு, ஐந்து மார்க் ஐந்து. போனிலும் கம்ப்யூட்டரிலும் நாம் சுலபமாக வைக்க முடிகிற தேர்வெல்லாம் அந்த 15 மார்க்கோடு நின்றுவிடும். தருவிப்பு (சூத்திரத்தைப் படிப்படியாகக் கொண்டுவருவது), படம், கணக்கு எதையும் திரையில் எழுத வைப்பது நம் பிள்ளைகளுக்கு ஆகிற காரியம் இல்லை. தமிழில் இரண்டு வரி டைப் செய்யவே திணறுகிறவர்கள் தொகையிடலை எங்கே டைப் செய்வது?

அதற்காக அந்தப் 15 மார்க் அற்பம் என்று சொல்லவில்லை. பாஸாகுமா ஆகாதா என்று ஊசலாடுகிற பிள்ளைக்கு அதுதான் கரை சேர்க்கிற தோணி.

இன்னொன்று. தேர்வு என்றாலே மார்க் எடுக்கிற கருவி என்று நினைத்துப் பழகிவிட்டோம். தேர்வு எழுதுவதே ஒரு படிப்பு. அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரண்டு பேர் 2006ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களிடம் ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதையே இன்னொரு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் திரும்பப் படிக்காமல், நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள், 81 சதவீதம், 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56, திரும்பப் படித்தவர்களுக்கு 42. ராத்திரி முழுக்கப் புத்தகத்தை வாசித்துவிட்டு "எல்லாம் தெரியும் டீச்சர்" என்று வருகிற பிள்ளை காலாண்டில் ஏன் விழிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை. ஆகவே எந்த வழியில் வைத்தாலும் சரி, அடிக்கடி வைக்கிற தேர்வு நல்லது. எதில் வைத்தால் அடிக்கடி வைக்க முடியும், தப்பு எவ்வளவு சீக்கிரம் பிள்ளையின் கைக்குத் திரும்புகிறது, அந்தத் தப்பை அது திருத்தி எழுதுகிறதா? இந்த மூன்றையும் வைத்துத்தான் நான் எடை போடுகிறேன்.

சரி, போனில் இருந்து தொடங்கலாம்.

கொரோனா காலத்தில் வேறு வழியில்லாமல் எல்லாரும் இதில் இறங்கினோம். 2021ல் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பில் 50 சதவீதம், பிளஸ் ஒன்னில் 20, பிளஸ் டூவில் 30 என்று கூட்டி மார்க் போட்டார்கள். கல்லூரிப் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து எழுதி, பக்கங்களைப் போட்டோ எடுத்து ஏற்றினார்கள். அது பழகிப்போய், அந்த வருடம் நவம்பரில் மதுரையில் கல்லூரி மாணவர்கள் ஆன்லைன் தேர்வே வேண்டும் என்று தெருவுக்கு வந்து போராடினார்கள். வகுப்பு ஆன்லைனில் நடந்தது, தேர்வு மட்டும் நேரிலா என்று அவர்கள் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் அந்தத் தேர்வுகள் எதை அளந்தன என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

பள்ளிகள் மறுபடி திறந்த பிறகும் ஒரு வருடம், காலாண்டு வரைக்கும், நான் வாரத் தேர்வைக் கூகுள் ஃபார்மில் வைத்தேன். திங்கட்கிழமை இரவு ஏழரைக்குத் திறக்கும், எட்டரைக்கு மூடும். 15 வினா. பட்டனை அழுத்தியதும் மார்க்கும் சரியான விடையும் வந்துவிடும். எனக்குத் திருத்துகிற வேலையே இல்லை. அதைவிடப் பெரிய லாபம், வினாவாரியாக வருகிற படம். ஒரு முறை, மின்னூட்டப்பட்ட உள்ளீடற்ற கடத்திக் கோளத்துக்குள் மின்னழுத்தம் எவ்வளவு என்று கேட்டிருந்தேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் சுழி என்று அழுத்தியிருந்தார்கள். உள்ளே மின்புலம் சுழி, அதனால் மின்னழுத்தமும் சுழி என்று தாங்களாகவே முடிவுகட்டிவிட்டார்கள். பரப்பில் எவ்வளவோ அதே மின்னழுத்தம்தான் உள்ளேயும். எத்தனையோ வருடம் நடத்திய பாடம், இத்தனை பேர் அங்கே சறுக்குகிறார்கள் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். மறுநாள் முதல் பத்து நிமிடம் அதற்கே கொடுத்தேன். பேப்பர் கட்டில் இது தெரிய வேண்டுமென்றால் நானே உட்கார்ந்து எண்ண வேண்டும்.

ஆனால் காலாண்டு வந்தபோது வயிற்றில் புளியைக் கரைத்தது. வாரம்தோறும் 14, 15 வாங்கியவர்களில் பல பேர் பாடத்தின் கடைசியில் இருக்கிற அதே 'புக் பேக்' ஒரு மதிப்பெண் வினாவில் பாதிகூடத் தேறவில்லை. என்ன நடந்தது என்று வகுப்பில் நயமாகக் கேட்டேன். திட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகு சொன்னார்கள். ஏழு முப்பத்தைந்துக்கு ஒருவன் முடித்து அனுப்புவான், விடைப்பக்கம் திரையில் வரும், அது அப்படியே வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகும். எட்டு மணிக்கு மேல்தான் மற்றவர்கள் உட்காருவார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? விடையை உடனே காட்டு என்று வைத்தவள் நான்தான். காட்டாமல் மூடி வைத்தால் காப்பி குறையும், ஆனால் உடனே தெரிகிற லாபமும் போய்விடும். வீட்டுத் தேர்வில் இந்த முடிச்சை என்னால் அவிழ்க்க முடியவில்லை.

அடுத்தது இன்னும் வலிக்கிற விஷயம். எங்கள் பள்ளியில் பாதிக்கும் மேல் வீடுகளில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு போய்விடும். ஒரு பிள்ளையின் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். காலையில் மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போனால் வீடு திரும்ப ஒன்பது ஆகும். எட்டரைக்கு மூடுகிற தேர்வை அது எப்படி எழுதும்? மூன்று வாரம் என் பட்டியலில் அதன் பெயருக்கு நேராக வெற்றிடம். நானும் கவனிக்காமல் விட்டுவிட்டேன். நான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை பிரேயர் முடிந்ததும் ஓடிவந்து, நாலாக மடித்த ஒரு நோட்டுத் தாளை நீட்டியது. பக்கத்து வீட்டு அக்கா போனில் வினாக்களை மட்டும் பார்த்து, பென்சிலில் 1 முதல் 15 வரை எண் போட்டு விடை எழுதியிருந்தது. 11 சரி. அந்த வாரத்தில் நான் நம்பக்கூடிய ஒரே மார்க் அதுதான். அந்தத் தாளை இன்னும் மார்க் நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

இப்படி விடையைத் தேர்ந்தெடுக்கிற கொள்குறி வினாவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தப்பான விடையைத் தேர்ந்தெடுத்த பிள்ளை அந்தத் தப்பையே மனதில் பதித்துக்கொண்டு போகும். இதை ரோடிகரும் எலிசபெத் மார்ஷ் என்பவரும் 2005ல் சோதித்துக் காட்டினார்கள். சரியான விடையைச் சொல்லிக்கொடுத்தால் இந்தக் கெடுதல் குறைகிறது என்று பிறகு வந்த சோதனைகளில் தெரிந்தது. அதனால் எந்தத் திரையில் வைத்தாலும், மார்க்கை மட்டும் காட்டிவிட்டு விடையைக் காட்டாமல் விடுவது படிப்புக்கே எதிரான வேலை.

அப்புறம் லேப். எங்கள் ஹைடெக் லேப்பில் 20 கம்ப்யூட்டர். மூன்று பழுது, ஆக 17. வகுப்பில் 42 பேர். மூன்று செட்டாகப் பிரித்தால் ஒரு செட்டுக்குப் பதினைந்து நிமிடம், ஒரு பீரியட் 45 நிமிடம் என்று கணக்கு கச்சிதமாக வரும். நடைமுறையில் லாகின் பண்ணவே ஐந்து நிமிடம் போய்விடுகிறது. முதல் செட் எழுதி வெளியே வந்ததும் இரண்டாவது செட்டுக்கு வினா தெரிந்துவிடும். நடுவில் கரண்ட் போனால் அன்றைக்குக் கதை முடிந்தது. வாரம்தோறும் இதை நடத்துவது என்னால் முடியாத காரியம்.

ஆனாலும் லேப்பை நான் தள்ளிவிட மாட்டேன். பொறியியல் சேர்க்கைக்கான ஜே.இ.இ. மெயின் தாள் 2019ல் இருந்து முழுக்கக் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. அதன் எண் விடை வினாக்களில் கீபோர்டைத் தொட முடியாது. திரையில் இருக்கிற எண் பலகையை மவுஸால் அழுத்த வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று குறித்துவைக்கிற வினா ஒரு நிறம், விடை தந்தது ஒரு நிறம், இன்னும் திறக்காதது ஒரு நிறம். இதையெல்லாம் முதல் முதலாக மதுரையில் தேர்வு மையத்தில் உட்கார்ந்து பார்க்கிற பிள்ளைக்கு எப்படி இருக்கும்? திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் போக நினைத்தால் கியூட் தேர்வு, அதுவும் கம்ப்யூட்டர்தான். போன வருடம் ஒரு பையனை லேப்பில் உட்கார வைத்தேன். மவுஸ் மேஜை ஓரத்துக்கு வந்துவிட்டது, அம்புக்குறி திரையின் நடுவில் நிற்கிறது. மவுஸைத் தூக்கி நடுவில் வைத்து மறுபடி நகர்த்தலாம் என்று அவனுக்குத் தெரியவில்லை. அப்படியே கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். கணக்கில் வகுப்பிலேயே முதல் ஆள் அவன்.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குறை என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2015, 2016ல் ஒரே தேர்வைச் சில பள்ளிகள் பேப்பரிலும் சில பள்ளிகள் கம்ப்யூட்டரிலும் எழுதின. பென் பேக்ஸ், ஜேம்ஸ் கோவன் என்ற இருவர் அந்த மார்க்குகளை ஆராய்ந்தார்கள். கம்ப்யூட்டரில் எழுதியவர்களுக்கு முதல் வருடம் கணக்கில் சுமார் 0.10 திட்டவிலக்கம் (மார்க்குகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) குறைந்தது, ஆங்கிலத்தில் சுமார் 0.25. இரண்டாவது வருடம் அந்தக் குறைவு கணக்கில் மூன்றில் ஒரு பங்காகவும் ஆங்கிலத்தில் பாதியாகவும் சுருங்கிவிட்டது. பாடம் தெரியாததால் போன மார்க் ஒரு வருடத்தில் இப்படித் திரும்பி வராது. கருவி பழகாததால் போன மார்க்தான் இப்படி வரும். இதில் நமக்கு இரண்டு சேதி இருக்கிறது. லேப்பில் முதல் இரண்டு மூன்று தேர்வில் வருகிற மார்க்கை வைத்து ஒரு பிள்ளையைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக்கூடாது. பழக்கிவிட்டால் அந்த இழப்பில் பாதியாவது சரியாகிவிடும், ஆகவே பழக்காமல் விடவும் கூடாது.

நீட் 2025 வரை ஓஎம்ஆர் தாளில்தான் நடந்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருக்கிற 7.5 சதவீத இட ஒதுக்கீட்டை நம்பிப் படிக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு வட்டத்தைச் சரியாகக் கருக்குவதும் ஒரு பயிற்சிதான். அதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை.

இனி பேப்பர். இதைப் பற்றி அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் பேப்பரில் மட்டும் தெரிகிற ஒன்று இருக்கிறது.

வீட்ஸ்டோன் சமனச்சுற்று ஐந்து மார்க் கேள்வி. ஒரு பிள்ளை படம் போட்டு, கிர்க்காஃப் விதிகளை எழுதி, கடைசியில் நான்கு மின்தடைகளின் விகிதத்தைச் சரியாகக் கொண்டுவந்திருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் முழு மார்க். நான் படி படியாகப் போனேன். முதல் மூடிய சுற்றில், கால்வனாமீட்டர் வழியாகப் போகிற மின்னோட்டத்துக்குப் பிளஸ் போட வேண்டிய இடத்தில் மைனஸ் போட்டிருந்தது. சமநிலையில் அந்த மின்னோட்டமே சுழி. அதனால் பிளஸ் ஆனாலும் மைனஸ் ஆனாலும் அந்த உறுப்பு மறைந்துபோய், விடை சரியாக வந்துவிட்டது. கூப்பிட்டுக் கேட்டேன். "இங்கே ஏன் மைனஸ்?" அதற்குப் பதில் தெரியவில்லை. மின்னோட்டம் போகிற திசையிலேயே நாமும் போனால் என்ன குறி, எதிரே போனால் என்ன குறி என்பது அதற்குப் பிடிபடவே இல்லை. சமநிலையில் இல்லாத சுற்றில் ஒரு கணக்குக் கொடுத்தால் கட்டாயம் விழும். இதே வினாவைப் போனில் நான்கு விடை கொடுத்துக் கேட்டிருந்தால் பச்சை டிக் விழுந்திருக்கும். நானும் அது மின்னோட்டவியலில் நன்றாக இருக்கிறது என்று நினைத்து அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன்.

ஒரு சின்ன மைனஸ்தான். ஆனால் ஆசிரியர் வேலையே அந்த மைனஸைப் பார்ப்பதில்தான் இருக்கிறது என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

பேப்பரின் குறையும் எனக்குத் தெரியும். ஒரு பேப்பருக்கு ஆறு நிமிடம் என்றால்கூட 42 பேப்பருக்கு 252 நிமிடம், நாலு மணி நேரத்துக்கு மேல். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் கட்டைப் பிரிப்பேன், மேலூர் வருவதற்குள் ஏழெட்டுப் பேப்பர் முடியும். திருத்தி முடித்துக் கையில் கொடுக்கப் பத்து நாள் ஆகிவிடும். அதற்குள் பிள்ளை அந்தப் பாடத்தையே மறந்திருக்கும். வாங்கியதும் மூலையில் வட்டம் போட்ட மார்க்கைப் பார்க்கும், பக்கத்துப் பிள்ளையின் மார்க்கைப் பார்க்கும், மடித்துப் பைக்குள் போட்டுவிடும். நான் பஸ் குலுக்கலில் சிவப்பு மையில் எழுதிய குறிப்பை யாரும் படிப்பதில்லை. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988ல் வெளியிட்ட ஒரு ஆய்வு இதைத்தான் சொன்னது. குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்த பிள்ளைகள் முன்னேறினார்கள். மார்க் மட்டும் வாங்கியவர்கள் முன்னேறவில்லை. மார்க்கும் குறிப்பும் சேர்த்து வாங்கியவர்களும் முன்னேறவில்லை. மார்க் குறிப்பை விழுங்கிவிடுகிறது. அதைப் படித்த பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். மார்க்கை என் நோட்டில் மட்டும் எழுதுவேன். பேப்பரில் குறிப்பு மட்டும் இருக்கும். தப்பான படியை மார்ஜினில் திருத்தி எழுதிக் காட்டினால்தான் மார்க் சொல்வேன். முதல் மாதம் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது.

இந்த மூன்றுக்கும் நடுவில் நாலாவது வழி ஒன்று இருக்கிறது. பிளிக்கர்ஸ் அட்டை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் உள்ள அட்டை, அதில் கறுப்புக் கட்டங்கள். அட்டையின் எந்தப் பக்கத்தை மேலே வைத்துப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்து ஏ, பி, சி, டி. டீச்சர் தன் போன் கேமராவை வகுப்பின் மேல் ஒரு முறை ஓட்டினால் யார் என்ன விடை என்று வந்துவிடும். பிள்ளைகளிடம் போன் வேண்டாம். ஒவ்வொரு அட்டையும் வேறு வடிவம், எழுத்தும் பொடி எழுத்து, அதனால் பக்கத்தில் பார்த்துக் காப்பி அடிப்பது சுலபம் இல்லை. ஐந்து வினாவைப் பத்து நிமிடத்தில் முடித்து, எங்கே சறுக்கினார்கள் என்று அப்போதே பலகையில் எழுதிக் காட்டலாம். போன் தேர்வில் எனக்குப் பிடித்த அந்த வினாவாரிப் படம் இதிலும் கிடைக்கிறது, வாட்ஸ்அப் தொல்லையும் இல்லை, லோடு ஆட்டோ வீட்டுப் பிள்ளை விடுபடுவதும் இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: அட்டையைப் பளபளவென்று லேமினேட் செய்துவிடாதீர்கள், வெளிச்சம் பட்டால் கேமரா படிக்காது. கெட்டி அட்டையில் ஒட்டினால் போதும்.

ஆக, என் பாடத்துக்கு நான் எடுத்த முடிவு இது. திங்கள், புதன் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் அட்டைத் தேர்வு. அதை மார்க் நோட்டில் ஏற்றப் போவதில்லை. வெள்ளிக்கிழமை பேப்பர், ஆனால் முழுத் தேர்வு இல்லை. ஒரு ஐந்து மார்க், ஒரு கணக்கு, அவ்வளவுதான். பேப்பருக்கு மூன்று நிமிடம் என்றால் சுமார் இரண்டு மணி நேரத்தில் முடியும், திங்கட்கிழமை கையில் கொடுத்துவிடலாம். மாதம் ஒரு முறை லேப், அதுவும் ஜே.இ.இ., கியூட் எழுத விருப்பம் சொன்னவர்களுக்கு மட்டும். 17 கம்ப்யூட்டர் அவர்களுக்குத் தாராளம். வீட்டில் போனில் தேர்வு கிடையாது. விரும்பினால் படித்துப் பார்க்க வினாக்களை அனுப்புவேன்.

எல்லாப் பாடத்துக்கும் இதே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கணக்கில் படிதான் எல்லாம், கணக்கு சார் பேப்பரை விடாதது சரி. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு லேப்பை விட்டால் வேறு இடம் இல்லை. உயிரியலில் பெயரும் வகைப்பாடும் நிறைய, அங்கே அட்டை நன்றாகவே ஓடும். விடுதியோடு சேர்ந்த பள்ளி, எல்லாப் பிள்ளையும் கண் முன்னால், கருவியும் கையில் என்றால் கணக்கே வேறு. வேதியியல் டீச்சரிடம் போனைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் சொன்னேன். "திருத்துகிற நேரத்தை யார் தருவார்கள் டீச்சர்?" என்று திருப்பிக் கேட்டார். அவருக்கு இரண்டு செக்‌ஷன், 84 பேப்பர். நியாயமான கேள்விதான். இரண்டு செக்‌ஷனுக்கும் ஒரே வெள்ளியில் வைக்காமல் வாரம் விட்டு வாரம் வைத்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை ஹெச்.எம். சாரிடம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். கடைசியில் இரண்டு கோரிக்கை சேர்த்தேன்: பழுதாகிக் கிடக்கிற மூன்று கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வேண்டும், 42 அட்டை ஒட்டக் கெட்டி அட்டை வாங்கித் தர வேண்டும். அட்டை மறுநாளே வந்துவிட்டது. மதிய இடைவேளையில் பிள்ளைகளே கத்தரித்து ஒட்டி, பின்பக்கம் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.